கையடக்க விளையாட்டுக் கருவியில் அனலாக் ஸ்டிக் சேர்த்தல்

அனலாக் ஸ்டிக் என்பது கட்டைவிரலால் எல்லாத் திசைகளிலும் சாய்க்கக்கூடிய, விரலை எடுத்தவுடன் நடுவுக்குத் திரும்பும் சிறிய கட்டுப்பாட்டு உறுப்பு ஆகும். பொத்தான் ஒன்று "அழுத்தப்பட்டது", "அழுத்தப்படவில்லை" என்ற இரண்டு நிலைகளை மட்டுமே சொல்லும். அனலாக் ஸ்டிக்கோ எந்தத் திசையில், எவ்வளவு தூரம் சாய்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிப் பலகை, ஒரு சிறு திரை, பேட்டரி, சில பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் கையடக்க விளையாட்டுக் கருவிகள் பலவற்றில் திசைப் பொத்தான்கள் மட்டுமே இருக்கும். அத்தகைய கருவியில் அனலாக் ஸ்டிக் ஒன்றைச் சேர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த வேலைக்குத் தேவையான கம்பிகள் நான்கு அல்லது ஐந்துதான். கடினமான பகுதி கம்பிகளில் இல்லை. ஸ்டிக் தருவது ஒரு மின்னழுத்தம். விளையாட்டு எதிர்பார்ப்பது ஓர் எண். ஓய்வில் இருக்கும் ஸ்டிக் "நான் பூச்சியத்தில் இருக்கிறேன்" என்று தானாகச் சொல்வதில்லை. எது நடு, எது விளிம்பு என்பதைக் கருவியைச் செய்பவரே அளந்து முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாத கருவியில் யாரும் தொடாமலேயே விளையாட்டுப் பாத்திரம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

சுருக்கமான வரலாறு

1982 இல் வெளிவந்த வெக்ட்ரெக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியில் தானாக நடுவுக்குத் திரும்பும் அனலாக் ஸ்டிக் இருந்தது. அதே ஆண்டில் வந்த அடாரி 5200 கருவியின் ஸ்டிக் நடுவுக்குத் தானாகத் திரும்பாது. நேராக நிற்க வேண்டும் என்றால் விளையாடுபவரே அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இது பெரும் குறையாகப் பேசப்பட்டது.

1996 இல் வந்த நின்டெண்டோ 64 கட்டைவிரல் ஸ்டிக்கைப் பரவலாக்கியது. அதில் மாறுமின்தடை இல்லை. துளைகள் கொண்ட சிறு சக்கரங்கள் சுழலும்போது வெட்டுப்படும் ஒளியை எண்ணி அசைவை அறியும் முறை அதில் இருந்தது. இம்முறை அசைவை மட்டுமே எண்ணும், இருக்குமிடத்தை அறியாது. எனவே கருவியை இயக்கும் கணத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொண்டது. அப்போது ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தால் விளையாட்டு முழுவதும் நடு தவறாகவே இருக்கும். 1997 இல் சோனி தன் பிளேஸ்டேஷன் கருவிக்கு இரண்டு ஸ்டிக்குகள் கொண்ட கட்டுப்படுத்தியை வெளியிட்டது. கையடக்கக் கருவிகளில் 2004 இல் வந்த பிஎஸ்பி, 2011 இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் ஆகியவை சாய்வதற்குப் பதில் சறுக்கி நகரும் தட்டையான வட்டு வடிவத்தைப் பயன்படுத்தின.

உள்ளே என்ன இருக்கிறது

இன்று கடைகளில் கிடைக்கும் ஸ்டிக்குகளில் பெரும்பாலானவற்றுள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்ட இரண்டு மாறுமின்தடைகள் உள்ளன. ஒன்று இடம்-வலம் அசைவையும், மற்றொன்று மேல்-கீழ் அசைவையும் அளக்கிறது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருப்பும் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதே உறுப்புதான்.

மாறுமின்தடையில் மூன்று முனைகள் உண்டு. இரண்டு ஓரமுனைகளுக்கு இடையே கார்பன் பூசிய தடம் ஒன்று இருக்கும். மூன்றாவது முனை அந்தத் தடத்தின்மேல் உரசி நகரும். ஓரமுனைகளில் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டும் மற்றொன்றுக்கு பூச்சிய வோல்ட்டும் (கிரவுண்ட்) கொடுத்தால், நகரும் முனையில் அது நிற்கும் இடத்திற்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கும். தடத்தின் நடுவில் 1.65 வோல்ட், முக்கால் தூரத்தில் சுமார் 2.48 வோல்ட். பள்ளி இயற்பியலில் வரும் மின்னழுத்தப் பகுப்பான் இதுவே.

பொதுவாக ஒவ்வொரு மாறுமின்தடையும் 10 கிலோ ஓம் அளவுடையது. 3.3 வோல்ட்டில் அதன் வழியே பாயும் மின்னோட்டம் ஓம் விதிப்படி 3.3 ÷ 10,000 = 0.33 மில்லிஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 0.66 மில்லிஆம்பியர். பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுமோ என்ற கவலை இதனால் தேவையில்லை.

பல ஸ்டிக்குகளைக் கீழ்நோக்கி அழுத்தினால் ஒரு பொத்தானும் இயங்கும். அதற்கு ஐந்தாவது முனை ஒன்று இருக்கும்.

மின்னழுத்தம் எண்ணாக மாறுவது

மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் உறுப்புக்கு அனலாக்-டிஜிட்டல் மாற்றி என்று பெயர். 12 பிட் மாற்றி ஒன்று 0 முதல் 3.3 வோல்ட் வரையான எல்லையை 4096 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 0.8 மில்லிவோல்ட். 1.65 வோல்ட்டுக்கு அது தரும் எண் 2048 அளவில் இருக்கும்.

முதல்முறை செய்பவர்கள் இங்கே ஒரு தடையைச் சந்திக்கிறார்கள். ராஸ்பெரி பை ஸீரோ உள்ளிட்ட ராஸ்பெரி பை கணினிப் பலகைகளின் 40 முனை வரிசையில் அனலாக் உள்ளீடு ஒன்றுகூடக் கிடையாது. அம்முனைகளால் "உண்டு", "இல்லை" என்ற இரண்டை மட்டுமே அறிய முடியும். ஸ்டிக்கை நேரடியாக அவற்றில் இணைத்தால் அது ஒரு சாதாரணப் பொத்தானைப்போலத்தான் செயல்படும். எனவே இடையில் ஒரு மாற்றி வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதல் வழி, தனி மாற்றிச் சில்லு. ஏடிஎஸ்1115 என்ற சில்லு ஐ2சி முறையில் இரண்டே தரவுக் கம்பிகளால் இணைகிறது. நான்கு உள்ளீடுகள் கொண்டது. எம்சிபி3008 என்ற சில்லு எஸ்பிஐ முறையில் இணைகிறது. எட்டு உள்ளீடுகள், 10 பிட். இவ்வழியில் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஏடிஎஸ்1115 தானாக இருக்கும் நிலையில் நொடிக்கு 128 முறைதான் அளக்கும். இரண்டு அச்சுகளை மாற்றி மாற்றி அளந்தால் ஒவ்வொன்றுக்கும் 64 முறையே கிடைக்கும். அதன் அமைப்பில் வேகத்தை நொடிக்கு 860 வரை உயர்த்திக்கொள்ளலாம். மற்றொன்று, டிபிஐ முறையில் இணைக்கப்படும் திரைகள் ஐ2சி-க்கு உரிய முனைகளையும் எடுத்துக்கொள்கின்றன. அத்தகைய திரை உள்ள கருவியில் இச்சில்லை வழக்கமான இடத்தில் இணைக்க இயலாது.

இரண்டாவது வழி, தனி நுண்கட்டுப்படுத்தி. 2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ பலகையில் உள்ள ஆர்பி2040 சில்லில் 12 பிட் மாற்றி உள்ளேயே அமைந்திருக்கிறது. பிக்கோவில் வெளியுறுப்புகளை இணைக்க மூன்று அனலாக் முனைகள் உண்டு. பிக்கோ ஸ்டிக்கையும் பொத்தான்களையும் படித்து, யூஎஸ்பி வழியாகக் கணினிப் பலகைக்கு ஒரு கேம்பேடாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். கணினி பக்கத்தில் தனி நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. 51 × 21 மில்லிமீட்டர் அளவுள்ள பலகை என்பதால் பெரும்பாலான பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். இக்கட்டுரை இவ்வழியையே விரிவாக எடுத்துக்கொள்கிறது.

பிக்கோவின் மாற்றி 12 பிட் என்றாலும் அதில் நம்பத்தக்கவை சுமார் 9 பிட்டுகளே. அதாவது 4096 படிகளில் ஏறத்தாழ 500 படிகளுக்குத்தான் பொருள் உண்டு. கட்டைவிரலின் அசைவுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஸ்டிக் அசையாதபோதும் எண்ணின் கடைசி இலக்கங்கள் துள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டு இணைப்பு தவறு என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேம் பாய் போன்ற பழைய கருவிகளுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் திசைப் பொத்தான்களை மட்டுமே அறிந்தவை. அவற்றுக்கு அனலாக் ஸ்டிக் எந்த நன்மையும் செய்யாது. சில இடங்களில் துல்லியத்தைக் குறைக்கவும் செய்யும். முப்பரிமாண விளையாட்டுகளில்தான் அதன் பயன் தெரியும். 1996 இல் வந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டில் ஸ்டிக்கைச் சற்றே சாய்த்தால் பாத்திரம் மெல்ல நடக்கும். முழுவதும் சாய்த்தால் ஓடும். இந்த வேறுபாட்டைப் பொத்தானால் காட்ட முடியாது.

கணினிப் பலகையின் வலிமையையும் பார்க்க வேண்டும். ராஸ்பெரி பை ஸீரோவின் முதல் பதிப்பு ஒற்றைக் கருச் செயலி கொண்டது. அக்காலத்து முப்பரிமாண விளையாட்டுகள் அதில் சீராக ஓடுவதில்லை. 2021 இல் வந்த ஸீரோ 2 டபிள்யூ நான்கு கருக்கள் கொண்டது. உரிமம் பெற்ற அல்லது தாமே எழுதிய விளையாட்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது.

ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிப் பலகைகளோடு விற்கப்படும் ஐந்து முனை ஜாய்ஸ்டிக் மாடியூல் விலை குறைந்தது. சால்டரிங் செய்ய எளியது. ஆனால் தொப்பியோடு சேர்த்து உயரம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். மேசைமேல் வைத்துக் கற்றுக்கொள்ள ஏற்றது. கையடக்கப் பெட்டிக்குப் பருமனானது.

பிஎஸ்பி-1000 கருவிக்கான மாற்று ஸ்டிக் மிகத் தட்டையானது. நான்கு தொடுமுனைகளே உண்டு. அழுத்தும் பொத்தான் இல்லை. இதன் அசைவுத் தூரம் சிறியது என்பதால் நுண்ணிய கட்டுப்பாடு சற்றுக் குறையும்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் ஜாய்-கான் கட்டுப்படுத்திக்கான மாற்று ஸ்டிக் உயரம் குறைந்தது, சாய்க்கும் வகையைச் சேர்ந்தது, அழுத்தும் பொத்தானும் உடையது. இதன் முனைகள் மெல்லிய பட்டைக் கம்பியில் முடிகின்றன. அதற்கெனத் தனி இணைப்பான் வாங்க வேண்டும். பட்டையில் நேரடியாகச் சால்டரிங் செய்தால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

எதை வாங்கினாலும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஸ்டிக் எதனோடும் இணைக்கப்படாத நிலையில், அதன் மின்வழங்கு முனைக்கும் கிரவுண்ட் முனைக்கும் இடையே மின்தடையை அளக்கவும். 10 கிலோ ஓம் மாறுமின்தடைகள் இரண்டு பக்க இணைப்பில் இருப்பதால் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஸ்டிக்கை அசைத்தாலும் இந்த எண் மாறக் கூடாது. மாறினால் தொட்டிருக்கும் முனைகளில் ஒன்று நகரும் முனை என்று பொருள். முனைகளின் பெயர் அச்சிடப்படாத ஸ்டிக்குகளில் எது எது என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி.

மின் இணைப்பு

பேட்டரி இணைக்கப்பட்ட நிலையில் சால்டரிங் செய்யக் கூடாது. இத்தகைய கருவிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் முனைகள் தவறுதலாக ஒன்றோடொன்று தொட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்கக்கூடும். முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பிறகு பின்வருமாறு இணைக்கலாம்.

• ஸ்டிக்கின் மின்வழங்கு முனை – பிக்கோவின் 36 ஆவது முனை (3.3 வோல்ட் வெளியீடு)
• ஸ்டிக்கின் கிரவுண்ட் – 33 ஆவது முனை (அனலாக் கிரவுண்ட்)
• இடம்-வலம் முனை – 31 ஆவது முனை (ஜிபி26)
• மேல்-கீழ் முனை – 32 ஆவது முனை (ஜிபி27)
• அழுத்தும் பொத்தான் இருந்தால் – பயன்படாத டிஜிட்டல் முனை ஏதாவது ஒன்று

மின்வழங்கு முனையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஜாய்ஸ்டிக் மாடியூல்கள் பலவற்றில் அந்த முனைக்கு அருகில் "+5 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பார்கள். 5 வோல்ட்டில் இயங்கும் பழைய அர்டுயினோ பலகைகளை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டது அது. அதைப் பார்த்து 5 வோல்ட் கொடுத்துவிட்டால், ஸ்டிக் நடுவில் இருக்கும்போது நகரும் முனையில் 2.5 வோல்ட்தான் இருக்கும். எல்லாம் சரியாக இயங்குவதுபோலவே தோன்றும். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் தள்ளும்போதுதான் 5 வோல்ட் சில்லின் முனைக்குச் செல்லும். ஆர்பி2040 சில்லின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட்டைத் தாங்குவதற்கு அமைந்தவை அல்ல. மாறுமின்தடை என்பது வெறும் மின்தடையே என்பதால் 3.3 வோல்ட்டிலும் குறையின்றி வேலை செய்யும். எனவே மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் 3.3 வோல்ட்டையே கொடுக்க வேண்டும். ஏடிஎஸ்1115 சில்லைப் பயன்படுத்துபவர்களும் ராஸ்பெரி பையோடு இணைக்கும்போது அதற்கு 3.3 வோல்ட்டே கொடுக்க வேண்டும்.

ஸ்டிக்குக்கும் மாற்றிக்கும் ஒரே 3.3 வோல்ட்டைப் பயன்படுத்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. பேட்டரி இறங்கும்போதோ திரை ஒளிரும்போதோ அந்த மின்னழுத்தம் சற்றுக் குறைந்தால், நகரும் முனையின் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். விகிதம் மாறாததால் கிடைக்கும் எண்ணும் ஏறத்தாழ மாறாது. ஏடிஎஸ்1115 தனக்குள் இருக்கும் நிலையான அளவுகோலோடு ஒப்பிடுவதால் இந்த நன்மை அதில் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு நகரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் எண்களின் துள்ளல் குறையும். அதனால் ஏற்படும் தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவே. நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்திற்குச் சுமார் 16.7 மில்லிநொடி ஆவதால் இத்தாமதம் விளையாட்டில் தெரியாது.

அளவுத்திருத்தம்

ஸ்டிக்கின் இயக்கக் கோணம் மாறுமின்தடையின் முழுத் தடத்தையும் பயன்படுத்துவதில்லை. எனவே எண்கள் 0 முதல் 4095 வரை வருவது அரிது. நடுவும் சரியாக 2048 ஆக இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டாக, இடம்-வலம் அச்சில் கீழ்க்கண்ட எண்கள் கிடைத்ததாகக் கொள்வோம்.

• முழு இடம்: 210
• ஓய்வு: 1985
• முழு வலம்: 3890

2048 ஐ நடு என்று நிரலில் எழுதிவிட்டால், ஓய்வில் இருக்கும் ஸ்டிக் 63 படிகள் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் கணக்காகும். அது முழுச் சாய்வில் ஏறத்தாழ 3 விழுக்காடு. பாத்திரம் மெல்ல இடப்பக்கம் நகரத் தொடங்கும். ஆகவே அளந்த நடுவையே பயன்படுத்த வேண்டும். மேலும் நடுவின் இரு பக்கங்களும் சமமாக இல்லை: இடப்பக்கம் 1775 படிகள், வலப்பக்கம் 1905 படிகள். இரண்டையும் தனித்தனியே வகுக்க வேண்டும்.

எண் 2900 எனில்: (2900 − 1985) ÷ 1905 = 0.48, அதாவது வலப்பக்கம் 48 விழுக்காடு.
எண் 1100 எனில்: (1100 − 1985) ÷ 1775 = −0.50, அதாவது இடப்பக்கம் 50 விழுக்காடு.

இவ்வாறு இரு அச்சுகளும் −1 முதல் +1 வரையான எண்களாக மாறும். பெட்டியின் வசதிக்காக ஸ்டிக்கை 90 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தால் இரண்டு அச்சுகளும் இடம் மாறும். மேல் என்பது கீழாகவும் தெரியலாம். கம்பிகளை மாற்றிச் சால்டரிங் செய்வதைவிட நிரலில் அச்சுகளை இடம் மாற்றுவதும் எண்ணின் குறியை மாற்றுவதும் எளிது.

அளவுத்திருத்தத்தைப் பெட்டியை முழுவதும் மூடிய பிறகே செய்ய வேண்டும். பெட்டியின் துளை சிறிதாக இருந்தால் ஸ்டிக் தன் எல்லையை அடையும் முன் துளையின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். மேசைமேல் 3890 வரை சென்ற எண் பெட்டிக்குள் 3600 இல் நின்றால், பாத்திரம் ஒருபோதும் முழு வேகத்தில் ஓடாது.

செயலற்ற மண்டலம்

விரலை எடுத்தவுடன் சுருள்வில் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஒரே இடத்திற்கு அல்ல. வலமிருந்து விட்டால் சற்று வலப்பக்கமும், இடமிருந்து விட்டால் சற்று இடப்பக்கமும் நின்றுவிடுவது இயல்பு. ஆகவே நடு என்பது ஒரு புள்ளி அன்று; ஒரு சிறு பரப்பு. அந்தப் பரப்புக்குள் எங்கே இருந்தாலும் பூச்சியம் என்று கொள்வதே செயலற்ற மண்டலம் எனப்படும். விளையாட்டு மென்பொருள்களில் இது டெட்ஸோன் என்ற பெயரில் இருக்கும்.

அப்பரப்பின் அளவை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். ஸ்டிக்கை நான்கு திசைகளிலும் ஐந்து ஐந்து முறை முழுவதும் சாய்த்து விட்டு, ஒவ்வொரு முறையும் அது ஓய்வுக்கு வந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் 20 எண்களின் சராசரியே நடு. அந்தச் சராசரியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள எண்ணின் விலகல்தான் தேவையான மிகக் குறைந்த மண்டலம். மேற்கண்ட ஸ்டிக்கில் அந்த விலகல் 50 படிகள் எனில், 50 ÷ 1775 = 0.028. இரு அச்சுகளிலும் இதே விலகல் ஒரே நேரத்தில் வந்தால் மொத்தம் 0.04. சற்றுக் கூடுதலாக 0.06 என்று வைத்துக்கொள்வது போதுமானது.

இம்மண்டலத்தைக் கணக்கிடுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒவ்வோர் அச்சையும் தனியே பார்த்து, சிறிய எண்ணைப் பூச்சியமாக்குவது எளிய முறை. ஆனால் அதில் ஒரு குறை உள்ளது. மண்டலம் 0.15 எனில், வலப்பக்கம் 0.8, மேற்பக்கம் 0.1 என்று சாய்த்தவருக்கு அந்த 0.1 காணாமல் போகும். பாத்திரம் சற்று மேல்நோக்கிச் செல்வதற்குப் பதில் நேர்க்கோட்டில் ஒட்டிக்கொண்டு ஓடும்.

சிறந்த முறை, நடுவிலிருந்து மொத்தத் தூரத்தைப் பார்ப்பது. இதற்குப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். வலம் 0.3, மேல் 0.4 எனில் தூரம் 0.5. மண்டலம் 0.1 என்று வைத்தால் புதிய தூரம் (0.5 − 0.1) ÷ (1 − 0.1) = 0.444. பழைய தூரத்திற்கும் புதியதற்கும் உள்ள விகிதத்தால் (0.444 ÷ 0.5 = 0.889) இரு அச்சுகளையும் பெருக்க வேண்டும். விடை: வலம் 0.267, மேல் 0.356. திசை சிறிதும் மாறவில்லை. மண்டலத்தின் விளிம்பைத் தாண்டியதும் எண் பூச்சியத்திலிருந்தே மெல்லத் தொடங்குவதால் பாத்திரம் திடீரென்று குதித்து நகராது. தூரம் 0.1 அல்லது அதற்குக் குறைவு எனில் இரு அச்சுகளும் பூச்சியம். தூரம் 1 ஐத் தாண்டினால் 1 என்றே கொள்ள வேண்டும்.

மென்பொருளும் சோதனையும்

பிக்கோவுக்கான நிரலை அர்டுயினோ மொழியிலோ சர்க்யூட்பைத்தானிலோ தாமே எழுதலாம். தாமே எழுத விரும்பாதவர்களுக்கு ஜிபி2040-சிஇ என்ற திறமூல நிரல் உள்ளது. அதில் அனலாக் ஸ்டிக்கின் முனைகளையும் செயலற்ற மண்டலத்தையும் உலாவியிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஜேஎஸ்டெஸ்ட், ஈவிடெஸ்ட் ஆகிய கட்டளைகள் ஸ்டிக்கின் எண்களை நேரடியாகக் காட்டும். விளையாட்டைத் திறப்பதற்கு முன் இவற்றில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: விரலை எடுத்தால் இரு எண்களும் பூச்சியத்தில் நிலைத்து நிற்கின்றனவா, எல்லாத் திசைகளிலும் எல்லையை எட்டுகின்றனவா, மெல்ல வட்டமாகச் சுழற்றும்போது எங்காவது எண் திடீரென்று தாவுகிறதா.

செயலற்ற மண்டலத்தை ஓரிடத்தில் மட்டும் அமைக்க வேண்டும். பிக்கோவின் நிரலிலும், லினக்ஸ் உள்ளீட்டு அமைப்பிலும், ரெட்ரோஆர்ச் போன்ற விளையாட்டு மென்பொருளிலும் தனித்தனியே இவ்வமைப்பு உண்டு. மூன்றிலும் 10 விழுக்காடு வைத்தால் ஸ்டிக்கின் சாய்வில் கால் பங்குக்கு மேல் எந்த விளைவும் இன்றி வீணாகும். "புதிய ஸ்டிக் மந்தமாக இருக்கிறது" என்ற குறைக்கு இது ஒரு பொதுவான காரணம்.

பெட்டியில் பொருத்துதல்

விளையாடுபவரின் கட்டைவிரல் பொத்தானை மேலிருந்து அழுத்துகிறது. ஸ்டிக்கையோ பக்கவாட்டில் தள்ளுகிறது. இந்த விசையைச் சால்டரிங் இணைப்புகள் தாங்கும்படி விட்டால் சில வாரங்களில் அவை விரிசல் விடும். ஸ்டிக்கின் உடற்பகுதியைத் திருகாணியால் பெட்டியிலோ பலகையிலோ இறுக்க வேண்டும். சூட்டுப்பசை மட்டும் போதாது.

ஸ்டிக்கின் இடத்தை முடிவு செய்யும் முன், அட்டையில் பெட்டியின் அளவுக்கு வெட்டி, இரு கைகளாலும் பிடித்துப் பார்ப்பது நல்லது. கட்டைவிரல் இயல்பாக ஒரு வில் வடிவில் நகரும். திசைப் பொத்தான்களும் ஸ்டிக்கும் அந்த வில்லின்மேல் அமைந்தால் கை வலிக்காது. ஸ்டிக்கின் தொப்பி பெட்டியின் மேற்பரப்பைவிட மிக உயரமாக இருந்தால் பைக்குள் வைக்கும்போது அது எப்போதும் சாய்ந்தே இருக்கும், சுருள்வில் தளரும்.

தேய்மானமும் நடு விலகலும்

மாறுமின்தடையில் ஒரு முனை கார்பன் தடத்தின்மேல் எப்போதும் உரசுவதால் தேய்மானம் தவிர்க்க இயலாதது. பழைய வானொலியின் ஒலிக்குமிழைத் திருப்பும்போது கேட்கும் கரகரப்புக்குத் தடத்தின் தேய்மானமும் தூசியும் காரணம். ஸ்டிக்கில் அதே குறை எண்களின் தாவலாகவும், தொடாமலேயே நகரும் பாத்திரமாகவும் வெளிப்படுகிறது. நடு விலகல் என்று இதைக் கூறலாம்.

நடு விலகிய ஸ்டிக்கை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. முதலில் 20 எண்கள் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். எண்கள் நெருக்கமாக இருந்து சராசரி மட்டும் நகர்ந்திருந்தால், புதிய அளவுத்திருத்தமே போதும். எண்கள் சிதறியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மின்தொடர்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சிறிதளவு இட்டு, ஸ்டிக்கைப் பலமுறை சுழற்றி, நன்கு உலர விட்டுப் பார்க்கலாம். செயலற்ற மண்டலத்தைச் சற்று அகலமாக்குவதும் சிறிது காலம் உதவும். மண்டலம் 0.2 ஐத் தாண்ட வேண்டிய நிலை வந்தால் ஸ்டிக்கை மாற்றுவதே முறை.

உரசலே இல்லாத மாற்று, ஹால் விளைவு ஸ்டிக். 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில், ஸ்டிக்கோடு நகரும் சிறு காந்தத்தின் புலத்தை அசையாத உணரி அளக்கிறது. தடம் தேய்வதால் வரும் விலகல் இதில் இல்லை. ஆனால் கையடக்கப் பெட்டிக்குள் ஒலிபெருக்கியும் உண்டு. அதிலும் காந்தம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் நடு விலகிவிடும். மேலும் இத்தகைய ஸ்டிக்குகளின் மின்தேவை மாறுமின்தடை ஸ்டிக்குகளிலிருந்து வேறுபடலாம். உரிய மின்னழுத்தத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ஹால் விளைவு ஸ்டிக்கிலும் சுருள்வில் இருப்பதால் அளவுத்திருத்தமும் சிறிய செயலற்ற மண்டலமும் அதற்கும் தேவையே.

மாணவர்களுக்கான பயன்

ஓம் விதி, மின்னழுத்தப் பகுப்பான், பக்க இணைப்பு, விகிதம், சராசரி, பிதாகரஸ் தேற்றம் ஆகிய பள்ளிப் பாடங்கள் அனைத்தும் இந்த ஒரு வேலையில் பயன்படுகின்றன. கருவி முழுவதையும் செய்ய வசதி இல்லாதவர்கள் ஒரு ஜாய்ஸ்டிக் மாடியூல், ஒரு பிக்கோ பலகை, யூஎஸ்பி கம்பி ஆகியவற்றை மட்டும் கொண்டு 20 எண்கள் சோதனையைச் செய்து பார்க்கலாம். எண்களை ஒரு வரைபடத் தாளில் புள்ளிகளாகக் குறித்தால் ஸ்டிக்கின் நடு எவ்வளவு அகலமானது என்பது கண்ணுக்கே தெரியும். மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்து, புள்ளிகளை வேறு வேறு வண்ணங்களில் அதே தாளில் குறித்துவந்தால், ஸ்டிக் தேய்வதையும் அத்தாளிலேயே பார்க்கலாம்.